தொடாமல் அளக்கும் கருவிகள்



ஒரு பொருளை அளக்க வேண்டுமானால் அதனை நெருங்க வேண்டும். நெல்லை அளப்பவர் படியை நெல்லுக்குள் அமிழ்த்துகிறார். துணியை அளப்பவர் முழக்கோலைத் துணியின்மேல் வைக்கிறார். காய்ச்சலை அளக்கும் மருத்துவர் வெப்பமானியை நாவின்கீழ் வைக்கிறார். ஆனால் நெருங்கினாலே உயிரைக் குடிக்கும் பொருள் ஒன்றும் உலகில் உண்டு. அதனை எவ்வாறு அளப்பது? உயர்ந்த மின்னழுத்தத்தையும் மின்புலத்தையும் அளக்கும் கருவிகளின் வரலாறு, இந்த ஒரு வினாவுக்கு மனிதன் கண்ட விடைகளின் வரலாறேயாகும்.

ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மூன்று நாடுகள் உள்ளன. சாமை விளையும் மேட்டு நிலங்கள் அவை. கோடை மழையோடும் ஐப்பசி மழையோடும் வரும் இடியையும் மின்னலையும் அங்கு வாழ்வோர் நன்கு அறிவர். திறந்த வெளியில் உழைப்பவர்கள் ஆதலால் அஞ்சவும் அறிவர். புதூர்நாட்டில் பள்ளி மாணவர் சிலரோடு நான் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி என்னைக் கேட்டாள்: "ஐயா, வீட்டுக்கு வருகிற மின்சாரம் 230 வோல்ட் என்று புத்தகத்தில் இருக்கிறது. மேகத்தில் இருப்பது எத்தனை வோல்ட்? அதை யார் போய் அளந்தார்கள்?"

கேள்வி சிறிது, விடை பெரிது. அதனைப் படிப்படியாகக் காண்போம்.

முதலில், மின்னழுத்தம் வேறு, மின்புலம் வேறு என்பதைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை ஒன்று இருக்கிறது. அதே மலையில் நேரே ஏறும் ஒற்றையடிப் பாதைகளும் உண்டு. எவ்வழியில் சென்றாலும் ஏறும் உயரம் ஒன்றே. ஆனால் சாலையின் சரிவு மெல்லியது. ஒற்றையடிப் பாதையின் சரிவு செங்குத்தானது. இந்த உயர வேறுபாட்டைப் போன்றது மின்னழுத்தம். அதனை வோல்ட்டில் கணக்கிடுகிறோம். சரிவைப் போன்றது மின்புலம். ஒரு மீட்டருக்கு எத்தனை வோல்ட் என்று அதனைக் கூறுகிறோம். உயரம் பெரிதாயினும் தொலைவு மிகுந்தால் சரிவு குறைவு. உயரம் சிறிதாயினும் தொலைவு சுருங்கினால் சரிவு மிகுதி. காற்றைப் பிளந்து தீப்பொறி பாயச் செய்வது உயரம் அன்று, சரிவே. இந்த உவமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்குப் பயன்படும்.

நம் ஆய்வுக்கூடத்து வோல்ட்மானி ஏன் உயர் அழுத்தத்துக்கு உதவாது? அது அளப்பதற்காகச் சிறிதளவு மின்னோட்டத்தைத் தன் சுருளின் வழியே இழுத்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான வோல்ட்டில் அந்தச் சுருள் எரிந்து போகும். எரியாவிட்டாலும், கருவியின் முனைகளுக்கிடையே தீப்பொறி பாய்ந்துவிடும். இன்று நம் தெருக்களின் ஓரத்தில் செல்லும் கம்பிகளிலே 11,000 வோல்ட் இருக்கிறது. சத்தீஸ்கரிலுள்ள ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் நேர்மின்னோட்டப் பாதையிலோ, ஒரு கம்பி நிலத்தைவிட 8,00,000 வோல்ட் மிகுதியிலும் மற்றொரு கம்பி அதே அளவு குறைவிலும் இருக்கின்றன. இவற்றை அளக்கப் பொறியியலார் மூன்று வழிகளைக் கண்டனர்.

முதல் வழி, காற்றையே அளவுகோலாக்குவது. மெருகிட்ட இரண்டு உலோக உருண்டைகளை எதிரெதிரே நிறுத்தி, அவற்றுக்கிடையே அளக்க வேண்டிய அழுத்தத்தைச் செலுத்துகிறார்கள். பின்பு இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறார்கள். ஒரு நிலையில் சடாரென்று தீப்பொறி பாய்கிறது. அப்போதுள்ள இடைவெளியை அளந்து, அட்டவணையைப் பார்த்தால் அழுத்தம் தெரிந்துவிடும். உலர்ந்த காற்று ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் வரை தாங்கும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரு உருண்டைகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால், சுமார் 32,000 வோல்ட்டில் பொறி பாயும். கூர்முனைகளை வைக்காமல் உருண்டைகளை வைப்பது ஏன்? கூர்முனை, மலையில் செங்குத்துப் பாறை போன்றது. அங்குச் சரிவு திடீரென்று மிகுந்து, காற்று முன்னதாகவே உடைந்து கணக்கைக் கெடுக்கும். பெரிய உருண்டைகளுக்கிடையே சரிவு ஏறத்தாழச் சீராக இருக்கும்.

இங்கே மலைநாட்டு மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மேலே கூறிய 32,000 என்பது கடல் மட்டத்துக் காற்றுக்கும் 20 டிகிரி வெப்பத்துக்கும் உரிய கணக்கு. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்று எளிதில் உடைகிறது. ஜவ்வாது மலையிலே, விண்மீன்களை ஆராயும் காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதே உருண்டைகளை அங்கே கொண்டுபோய், அதே வெப்பநிலையில் வைத்தால், ஏறத்தாழ 29,500 வோல்ட்டிலேயே பொறி பாயும். 2,200 மீட்டர் உயரத்து உதகமண்டலத்தில் 25,000 வோல்ட் அளவே போதும். ஆகவே உருண்டை இடைவெளியால் அளப்பவர், பக்கத்திலே காற்றழுத்தமானியையும் வெப்பமானியையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வழி, பெரிய அழுத்தத்தைப் பங்கிட்டு, அதில் சிறுபங்கை மட்டும் அளப்பது. மிகப் பெரிய மின்தடைகளைத் தொடராக இணைத்து, மொத்தம் 80 கோடி ஓம் தடையாக்குவோம். 8,00,000 வோல்ட்டை அதன்மீது செலுத்தினால், ஆயிரத்தில் ஓர் ஆம்பியர் மின்னோட்டமே ஓடும். அந்தத் தொடரின் நிலத்தையொட்டிய கடைசி 1,000 ஓமில் எஞ்சுவது ஒரே ஒரு வோல்ட். அதனைச் சாதாரண வோல்ட்மானி அச்சமின்றி அளந்துவிடும். நாம் 8,00,000 ஆல் பெருக்கிக் கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தச் சிறு மின்னோட்டமும் தடைகளில் 800 வாட் வெப்பத்தை உண்டாக்கும். தடை சூடானால் அதன் மதிப்பு மாறும், கணக்கும் பிசகும். அதனால் இத்தடைகளை எண்ணெயில் அமிழ்த்தியும் வேறு முறையிலும் குளிர்விக்கிறார்கள். மாறுதிசை மின்னோட்டமாயின் மின்தடைகளுக்குப் பதில் மின்தேக்கிகளை அடுக்கிப் பங்கிடுவது எளிது. பெரிய துணைமின் நிலையங்களின் வேலிக்கு வெளியே நின்று பார்த்தால், தட்டுத் தட்டாகப் பீங்கான் உறையிட்ட உயர்ந்த தூண்கள் தெரியும். அவற்றுள் சில இத்தகைய மின்தேக்கி அடுக்குகளே. வேலிக்கு வெளியே நின்று பாருங்கள் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாம் வழி, மின்னேற்றங்களின் இழுவிசையை நிறுத்துப் பார்ப்பது. எதிரெதிர் மின்னேற்றமுள்ள இரு தகடுகள் ஒன்றையொன்று இழுக்கும். வில்லியம் தாம்சன் என்ற கெல்வின் பிரபு, 19-ஆம் நூற்றாண்டில் இந்த இழுப்பைத் துலாக்கோலில் நிறுப்பதுபோல் நிறுத்து, அதிலிருந்து வோல்ட்டைக் கணக்கிட்டார். 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள தகடு, ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, 10,000 வோல்ட் என்று கொள்வோம். இழுவிசை சுமார் நாலரை கிராம் எடைக்குச் சமம். நல்ல தராசு எளிதில் உணரக்கூடிய அளவு இது. அளவு நிலைபெற்ற பின் இக்கருவி நேர்மின்னோட்டத்தில் சிறிதும் மின்னோட்டம் எடுப்பதில்லை; இது இதன் பெருமை. அழுத்தம் இருமடங்கானால் இழுப்பு நான்மடங்காகும். மின்னேற்றம் நேரா எதிரா என்பது இழுப்பில் தெரியாது. ஆகவே மாறுதிசை மின்னோட்டத்துக்கும் இது பயன்படும். ஆனால் அழுத்தத்தின் குறியை இது சொல்லாது. இது இதன் குறை.

இதுவரை கூறியவை மனிதன் அமைத்த கம்பிகளை அளப்பவை. கம்பிக்கு முனை உண்டு. முனையோடு கருவியை இணைக்கலாம். வானத்துக்கு முனை ஏது?

வானத்தை முனையாகக் கருதி அளக்க முயன்று உயிர்நீத்த ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். 1752-இல் பிராங்க்ளினின் கருத்தைப் பின்பற்றிப் பிரான்சு நாட்டில், மேகத்திலிருந்து மின்சாரத்தை இரும்புக் கம்பத்தின் வழியே இறக்கிக் காட்டினர். அடுத்த ஆண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மன் என்ற பேராசிரியர் ஒருபடி மேலே சென்றார். மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பது அவருக்குப் போதவில்லை. எவ்வளவு வருகிறது என்று அளக்க விரும்பினார். வீட்டுக் கூரையில் கம்பம் நிறுத்தி, அதனை உள்ளே இருந்த ஓர் உலோகக் கோலோடு இணைத்தார். கோலின் பக்கத்தில் ஒரு நூல் தொங்கும். மின்னேற்றம் மிகுந்தால் நூல் விலகும்; விலகும் கோணத்தை அளவிட்ட வில்லில் படிக்கலாம். 1753 ஆகஸ்டு 6-ஆம் நாள் இடிமேகம் திரண்டது. அளவைப் படிக்க அவர் கருவியை நோக்கிக் குனிந்தபோது மின்னல் பாய்ந்து அங்கேயே மாண்டார். அவருடைய கருவியின் கருத்து சரியானதே. ஆனால் அளக்க வேண்டிய பொருளோடு அளப்பவரும் ஒரே கம்பியில் இணைந்துவிட்டதுதான் அதன் பெருங்குறை.

இடிமேகம் இல்லாத தெளிந்த நாளிலும் வானம் மின்னற்றது அன்று. நிலத்துக்கு மேலே ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 100 வோல்ட் மின்புலம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் நம் காலுக்கும் தலைக்கும் இடையே 150 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டுமே, நமக்கு அதிர்ச்சி ஏன் ஏற்படுவதில்லை? நம் உடல் மின்சாரத்தைக் கடத்தும். காற்று பெரும்பாலும் கடத்தாது. ஆதலால் உடல் முழுவதும் நிலத்தின் அழுத்தத்தையே பெற்றுவிடுகிறது. காற்றின் வழியே இறங்கும் மின்னோட்டமோ, ஒரு சதுர மீட்டருக்கு ஓர் ஆம்பியரின் லட்சம் கோடியில் இரண்டு பங்கு அளவே. இவ்வளவு சிறிய மின்னோட்டத்தை எந்தச் சாதாரண வோல்ட்மானிக்கும் கொடுத்து அசைக்க முடியாது.

இதற்குத்தான் 'ஃபீல்டு மில்' எனப்படும் கருவி பிறந்தது. இதனை மின்புலமானி என்று அழைப்போம். இதன் தத்துவம் ஒரு கைக்குடையைப் போன்றது. ஓர் உலோகத் தகட்டை வானத்தை நோக்கி வைக்கிறோம். வானத்து மின்புலம் அத்தகட்டில் மின்னேற்றத்தைத் தூண்டுகிறது. நிலத்தோடு இணைந்த மற்றொரு தகட்டைக் குடைபோல் அதன்மீது பிடித்தால், புலம் மறைக்கப்பட்டு, தூண்டப்பட்ட மின்னேற்றம் வந்த வழியே திரும்பிவிடுகிறது. குடையை விலக்கினால் மீண்டும் வருகிறது. இப்படி மூடியும் திறந்தும் செய்வதற்கு, இதழ் இதழாக வெட்டிய ஒரு தகட்டை மோட்டாரால் வேகமாகச் சுழற்றுகிறார்கள். மாவரைக்கும் ஆலையின் சுழற்சியை நினைவூட்டுவதால் 'மில்' என்ற பெயர் வந்தது. தகடு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மின்னேற்றம் ஓடி வர, மூடும்போது ஓடிப்போக, ஒரு சிறு மாறுதிசை மின்னோட்டம் உண்டாகிறது. அதனைப் பெருக்கி அளந்தால் மின்புலத்தின் அளவு கிடைக்கும்.

எவ்வளவு நுண்ணிய வேலை இது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். தகட்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், மின்புலம் மீட்டருக்கு 100 வோல்ட் என்றால், தூண்டப்படும் மின்னேற்றம் ஒரு கூலோமின் லட்சம் கோடியில் ஒன்பது பங்குதான். ஆனால் விநாடிக்கு நூறுமுறை அதனை மூடித் திறந்தால் ஏறத்தாழ இரண்டு நானோஆம்பியர் மின்னோட்டம் கிடைக்கிறது. இன்றைய மின்னணுப் பெருக்கிகளுக்கு இது போதும். மேலும், இதழ் எந்நிலையில் இருக்கும்போது மின்னேற்றம் உள்ளே ஓடியது என்பதையும் கவனித்தால், மேலேயுள்ள மின்னேற்றம் நேரா எதிரா என்பதும் விளங்கும். கெல்வின் தராசு சொல்லாத குறியை இது சொல்லிவிடுகிறது. இடிமேகம் மேலே வரும்போது, மீட்டருக்கு 100 வோல்ட்டாக இருந்த புலம் குறி மாறி, பல ஆயிரம் வோல்ட்டாக உயர்வதை மின்புலமானியின் கோட்டில் காணலாம். அளப்பவர் எங்கோ ஓர் அறையில் பாதுகாப்பாக அமர்ந்திருப்பார்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். மேகத்தில் எத்தனை வோல்ட்?

மின்புலமானி தான் நிற்கும் இடத்துச் சரிவைத்தான் சொல்லும். மலையடிவாரத்துச் சரிவை மட்டும் அளந்து மலையின் உயரத்தைக் கூற முடியுமா? பலூன்களையும் விமானங்களையும் மேகத்துக்குள் அனுப்பினால், அவை சென்ற பாதையின் செய்தியையே கொண்டுவரும். சி. டி. ஆர். வில்சன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு விஞ்ஞானி, இடிமேகத்தில் நூறு கோடி வோல்ட் அளவுக்கு அழுத்தம் இருக்கக்கூடும் என்று 1929-இலேயே கூறியிருந்தார். அதனை அளந்து காட்டும் கருவி நெடுங்காலம் கிட்டவில்லை. கிட்டியது நம் தமிழ்நாட்டு மலையொன்றில்தான்.

உதகமண்டலத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 என்ற விண்கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாக்கும்போது மியூவான் என்னும் நுண்துகள்கள் மழைபோல் பொழிகின்றன. அவை மேகத்தையும் கட்டடத்தையும் ஊடுருவி வரும் ஆற்றல் உடையவை. அவற்றை எண்ணுவதற்கு 3,712 குழாய் வடிவ எண்ணிகள் 560 சதுர மீட்டர் பரப்பில் அங்கு அமைக்கப்பட்டுள்ளன. வானத்தை 169 திசைகளாகப் பகுத்து, எத்திசையிலிருந்து எத்தனை மியூவான்கள் வந்தன என்று அவை இரவும் பகலும் கணக்கெடுக்கின்றன.

மியூவான்களில் நேர்மின்னேற்றமுடையவையும் உண்டு, எதிர்மின்னேற்றமுடையவையும் உண்டு. மேகத்திலுள்ள மின்னழுத்தம் ஒருவகையை முடுக்கி விடும். மற்றொரு வகையைத் தடுத்து ஆற்றலைக் குறைக்கும். இரண்டும் சம எண்ணிக்கையில் வந்தால், ஒன்றின் மிகுதி மற்றொன்றின் குறைவுக்குப் பெரும்பாலும் ஈடாகிவிடும். ஆனால் இயற்கையில் நேர்மின்னேற்ற மியூவான்கள் சற்று மிகுதி. ஆகையால் மேகத்தின் வழியே வரும் மொத்த எண்ணிக்கையில் ஒரு சிறு மாற்றம் தென்படுகிறது. எத்தனை வோல்ட் இருந்தால் எவ்வளவு மாற்றம் ஏற்படும் என்று கணிப்பொறியில் கணக்கிட்டு, கண்ட மாற்றத்தோடு ஒப்பிட்டால், மேகத்தின் முழு மின்னழுத்தமும் வெளிப்பட்டுவிடும். மேகத்தைத் தொட வேண்டியதில்லை. அதன் வழியே வந்த வழிப்போக்கர்களை எண்ணினாலே போதும்.

2011 ஏப்ரல் முதல் 2014 டிசம்பர் வரை அங்கே 184 இடிமழைகள் பதிவாயின. அவற்றுள் 2014 டிசம்பர் 1-ஆம் நாள் வந்த மேகம் எல்லாவற்றையும் விஞ்சியது. அதன் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட்! புகளூர்க் கம்பியின் அழுத்தத்தைப்போல் 1,600 மடங்குக்கும் மேல். இந்த முடிவு 2019-இல் வெளியிடப்பட்டது. வில்சன் கூறிய பின் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்த வெற்றியில் நம் மின்புலமானிக்கும் பங்குண்டு. ஒன்றுக்கொன்று ஆறு கிலோமீட்டர் வரை தள்ளி நான்கு மின்புலமானிகள் வைக்கப்பட்டிருந்தன. எந்த மானியில் புலம் முதலில் மாறியது, எதில் பின்னர் மாறியது என்று பார்த்து, மேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது என்று கண்டனர். மேகத்தின் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 11.4 கிலோமீட்டர் என்றும், பரப்பு 380 சதுர கிலோமீட்டருக்குக் குறையாது என்றும் மதிப்பிட இந்த மானிகள் உதவின. ஆறே நிமிடங்களில் அந்த அழுத்தத்தை எட்டுவதற்கு மேகம் செலவிட்ட திறன் 200 கோடி வாட்டுக்குக் குறையாது. கூடங்குளத்து முதல் இரண்டு அணுவுலை அலகுகளும் முழு அளவில் இயங்கினால் கிடைக்கும் திறன் அது.

இவ்விடத்தில் கூர்மையான மாணவர் ஒருவர் குறுக்கிடலாம்: "130 கோடி வோல்ட் இருந்தால் காற்று உடனே உடைந்துவிடாதா?" உயரமும் சரிவும் என்ற உவமையை இங்கே நினைவுகூருங்கள். அந்த அழுத்தம் இரண்டு கிலோமீட்டர் கனத்தில் பரவியிருந்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டருக்கு 6,500 வோல்ட்தான் வருகிறது. ஆய்வுக்கூடத்தில் 32,000 வோல்ட் ஒரு சென்டிமீட்டரில் அடங்கியதைவிட இந்தச் சரிவு மிகக் குறைவு. உயரே காற்று மெலிந்தது என்பதையும் சேர்த்துக் கொண்டாலும், மேகம் அந்த அழுத்தத்தைச் சிறிது நேரம் தாங்குவது வியப்பாகாது.

இந்த அளவைகளால் பயன் என்ன? 1969 நவம்பர் 14-ஆம் நாள் அப்போலோ-12 விண்கலம் மேகத்துக்குள் எழும்பியபோது, முதல் ஒரு நிமிடத்துக்குள் இருமுறை மின்னல் தாக்கியது. வீரர்கள் தப்பினர். 1987-இல் அமெரிக்காவின் அட்லஸ்-சென்டார் ஏவுகலம் இவ்வாறே தாக்குண்டு அழிந்தது. ஏவுதளத்தைச் சூழ்ந்து மின்புலமானிகளை நிறுத்தி, புலம் மிகுந்திருந்தால் ஏவுதலை ஒத்திவைக்கும் வழக்கம் இன்று உள்ளது.

ஏவுகலத்துக்குக் கிட்டும் இந்தக் காவல் மேட்டு நிலத்தில் களையெடுப்பவருக்கும் கிட்ட வேண்டும் என்பது என் விருப்பம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் மின்னலால் இறந்தவர் 2,887 பேர். புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் நாடெங்கும் உணர்கருவிகளை நிறுவி, மின்னல் எழும் இடத்தைக் கண்டறிந்து, 'தாமினி' என்னும் கைப்பேசிச் செயலி வழியே எச்சரிக்கை தருகிறது. இது மிக நல்ல ஏற்பாடு. எனினும் அந்த உணர்கருவிகள் கேட்பது, பாய்ந்துவிட்ட மின்னலின் வானொலி அலையை. மின்புலமானியோ, முதல் மின்னல் பாயும் முன்பே தலைக்கு மேல் மின்னேற்றம் திரள்வதை உணரவல்லது. ஒன்று தொலைவிலிருந்து வரும் மழையைச் சொல்லும். மற்றொன்று நம் கூரைமேல் உருவாகும் மழையைச் சொல்லும். மலைப்பள்ளிகளின் கூரையில் ஒரு மின்புலமானி சுழலுமாயின், மாணவருக்குப் பாடமும் ஊருக்குக் காவலும் ஒருங்கே கிடைக்கும்.

அந்த நாள் வரும்வரை, எல்லோரிடமும் உள்ள இரு கருவிகளைப் பயன்படுத்துங்கள்: கண்ணும் காதும். மின்னலைக் கண்டதிலிருந்து இடியோசை கேட்கும்வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்று தெரியும். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே உறுதியான கட்டடத்துக்குள் செல்லுங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்; அது ரிச்மனின் கம்பத்தைப் போன்றதே. கடைசி இடியோசைக்குப் பின் அரைமணி நேரம் கழிந்தே வெளியே வாருங்கள். உங்களுக்குத் தெரிந்த இந்தக் கணக்கை, பள்ளிக்கு வராத உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். அளக்கத் தெரிந்தவர் அறிந்ததைப் பிறர்க்குச் சொன்னால்தான் அளவை முழுமை பெறும்.